லண்டிட்னோவில் ஒரு பூட்டிக் விடுதி: பழைய வீடு, புதிய படுக்கை

வட வேல்ஸின் கடற்கரை ஊரான லண்டிட்னோவில் 'பூட்டிக் ஓட்டல்' என்று பலகை மாட்டியிருக்கும் கட்டடங்களில் பலவும் விடுதியாகவே பிறந்தவை. பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. விக்டோரியா அரசி காலத்தில் அது லாட்ஜிங் ஹவுஸ். பிறகு போர்டிங் ஹவுஸ், அதன் பிறகு கெஸ்ட் ஹவுஸ், இப்போது பூட்டிக் ஓட்டல். சுவரும் மாடிப்படியும் கடலைப் பார்த்துப் புடைத்து நிற்கும் ஜன்னலும் அப்படியே இருக்கின்றன. அங்கே ஓர் இரவு தங்குவது எப்படி இருக்கும் என்பதில் பாதி, உள்ளலங்காரம் செய்தவர் கையில் இல்லை. 1850களில் அங்கே மனை பிரித்தவர்களே அதைத் தீர்மானித்துவிட்டார்கள்.

பூட்டிக் என்றால் பிரெஞ்சு மொழியில் சிறு கடை. 1978இல் அனூஷ்கா ஹெம்பல் லண்டனில் திறந்த பிளேக்ஸ், 1984இல் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ருபெலும் நியூயார்க்கில் திறந்த மார்கன்ஸ் ஆகிய இரண்டையும் இந்த வகையின் முன்னோடிகளாகச் சொல்வது வழக்கம். பெரிய ஓட்டல்கள் எல்லாம் கிடைக்கும் பல்பொருள் அங்காடி என்றால் இது ஒரே ரசனையில் சரக்கு வைத்திருக்கும் சிறு கடை என்பதுதான் பெயருக்குப் பின்னால் இருந்த எண்ணம். அறைகள் கொஞ்சமாக இருக்கும், ஓர் அறைபோல இன்னொன்று இருக்காது, நடத்துபவரின் கைச்சாயல் எல்லாவற்றிலும் தெரியும். இதற்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. ஆகவே யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொள்ளவும் செய்கிறார்கள். வேல்ஸ் அரசின் சுற்றுலா அமைப்பான விசிட் வேல்ஸ் விடுதிகளுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கிறது. ஆனால் அது வசதியையும் சுத்தத்தையும் பராமரிப்பையும் அளக்கும் அளவுகோல். சுவர்த்தாளின் நிறம் நன்றாக இருக்கிறதா என்பதைத் தங்குபவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஊரின் பெயரில் உள்ள 'லண்' என்பது திருச்சபை, கோயில் என்று பொருள்படும் வேல்ஸ் சொல். டுட்னோ என்ற ஆறாம் நூற்றாண்டுத் துறவியின் கோயில் என்பது பெயரின் பொருள். முதல் எழுத்தை நம் 'ல'வைப் போலச் சொன்னால் உள்ளூர்க்காரர் புரிந்துகொள்வார், ஆனால் சரியென்று ஒப்புக்கொள்ள மாட்டார். நாக்கை ல சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் இரு பக்கமும் காற்றை ஊத வேண்டும். இரண்டு நாள் தங்குபவருக்கு அது வராது.

பிறைபோல வளைந்த விரிகுடாவின் ஒரு முனையில் கிரேட் ஓர்ம், மறுமுனையில் லிட்டில் ஓர்ம் என இரண்டு சுண்ணாம்புக்கல் குன்றுகள். பெரியது 207 மீட்டர் உயரம். ஓர்ம் என்ற பெயர் கடற்பாம்பைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலத்தில் இருந்தது சதுப்பு நிலம். செம்புச் சுரங்கத் தொழிலாளர்களும் மீனவர்களும் குன்றின் சரிவில் வாழ்ந்தார்கள். லிவர்பூலைச் சேர்ந்த ஓவன் வில்லியம்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் நில அளவையாளருமானவர் 1848இல் நில உரிமையாளர்களான மாஸ்டின் குடும்பத்திடம் ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். சதுப்பை மேடாக்கி ஒரு கடற்கரை ஊரையே புதிதாகக் கட்டலாம் என்றது அந்தப் படம். 1854இல் நாடாளுமன்றத்தில் ஊர் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 1858இல் பிரதான இருப்புப்பாதையிலிருந்து கிளை ரயில் வந்து சேர்ந்தது. தெருக்கள் அகலம், கடற்கரை முகப்பு ஒரே வளைவு, வீடுகள் தோளோடு தோள் சேர்ந்த வரிசை. தானாக வளர்ந்த ஊர்களில் இந்த ஒழுங்கு வாய்ப்பதில்லை. நிலத்தை விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விட்டதும், குத்தகைப் பத்திரத்திலேயே கட்டட நிபந்தனைகளை எழுதியதும்தான் இதன் ரகசியம். ஊரின் மையப்பகுதியில் பெரும்பாலான நிலம் இன்றும் மாஸ்டின் எஸ்டேட் கையில்தான் இருக்கிறது. ஆகவே மின்னும் நியான் பலகையோடு ஒரு விடுதி அந்த வெளிர்நிற வரிசையின் நடுவே முளைத்துவிட முடியாது.

புகழ்பெற்ற விருந்தினர்களும் வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் லிடெல் குடும்பம் 1861இல் இங்கே விடுமுறைக்கு வந்தது. அந்த வீட்டுச் சிறுமி ஆலிஸ்தான் லூயிஸ் கரோலின் கதைக்குப் பெயர் கொடுத்தவள். கரோல் இங்கே வந்ததற்கு உறுதியான சான்று கிடையாது என்றாலும் ஊர் முழுக்க அந்தக் கதையின் முயல் சிலைகளும் தொப்பிக்காரர் சிலைகளும் நிற்பது வணிகக் கெட்டிக்காரத்தனம். ருமேனியாவின் எலிசபெத் அரசி 1890இல் வந்து ஐந்து வாரம் தங்கினார். கார்மென் சில்வா என்ற புனைபெயரில் எழுதியவர் அவர். இந்த இடத்தை அழகான, அமைதியான புகலிடம் என்று அவர் வருணித்ததை வேல்ஸ் மொழியில் பெயர்த்து ஊரின் குறிக்கோள் வாசகமாகவே வைத்துக்கொண்டார்கள். ஒரு விருந்தினர் சொன்ன நல்ல வார்த்தையை ஊர்ச் சின்னத்தில் பொறிப்பதற்கு விடுதித் தொழிலே மூச்சாக இருக்க வேண்டும்.

அரசிகள் தங்கியது பெரிய ஓட்டல்களில். நடுத்தரக் குடும்பங்கள் தங்கிய லாட்ஜிங் ஹவுஸில் நடைமுறையே வேறு. அறையை வாடகைக்கு எடுத்த குடும்பம், இறைச்சி, ரொட்டி, காய்கறி எல்லாவற்றையும் தானே கடையில் வாங்கிவந்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கும். அவர் சமைத்து மேசைக்கு அனுப்புவார். ஐந்து குடும்பம் தங்கியிருந்தால் ஐந்து சமையல், ஐந்து தனித்தனி அலமாரிகள். ஒரு குடும்பத்து வெண்ணெய் இன்னொரு குடும்பத்து ரொட்டியில் ஏறிவிட்டதோ என்ற சந்தேகத்துக்கும் குறைவிருக்காது. பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் பொதுவாகவே வழங்கிய முறை இது. உப்பும் மிளகும் வினிகரும் வீட்டுக்காரம்மா மேசைமேல் வைப்பார். கடைசி நாள் ரசீதில் அவற்றுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கும். உப்புக் குப்பிக்குக் கட்டணம் என்பது ஆங்கிலேயக் கடற்கரை நகைச்சுவையில் நீண்ட நாள் ஓடிய சரக்கு.

பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டையும் விடுதியே கொடுக்கும் போர்டிங் ஹவுஸ் வந்தது. சாப்பாட்டுக்கு மணி அடிக்கும். தாமதமானால் சூப் ஆறிப்போகும். காலை உணவு முடிந்ததும் விருந்தினர் வெளியே கிளம்பிவிட வேண்டும், மாலைவரை திரும்பக் கூடாது. அறையைப் பெருக்க வேண்டுமே! மழை கொட்டினாலும் விதி விதிதான். கடற்கரை நடைபாதையில் கண்ணாடித் தடுப்போடு கூடிய நிழற்குடைகள் இருப்பதன் பயன் அப்போது நன்றாகத் தெரிந்திருக்கும்.

1938இல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் வந்தது. பொற்காலம் தொடங்கப்போகிறது என்று வீட்டுக்காரம்மாக்கள் நினைத்திருக்கும்போதே போரும் வந்துவிட்டது. 1940இல் லண்டன் வருமானவரித் துறையின் ஊழியர்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி லண்டிட்னோவுக்கு மாற்றப்பட்டார்கள். ஓட்டல்களை அரசு எடுத்துக்கொண்டது. மணமக்கள் தேனிலவு கொண்டாடிய அறைகளில் வரிக் கோப்புகள் அடுக்கப்பட்டன. போருக்குப் பிந்தைய கூட்டமும் 1960களோடு கரையத் தொடங்கியது. விமானக் கட்டணமும் ஓட்டலும் சேர்ந்த ஸ்பெயின் பயணம், வேல்ஸ் மழையைவிட அதிகம் விலையில்லை என்றானது. 1971ஆம் ஆண்டின் தீ முன்னெச்சரிக்கைச் சட்டம் அடுத்த ஆண்டே விடுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது, தீத்தடுப்புக் கதவும் எச்சரிக்கை மணியும் மாற்று வழியும் போடப் பணமில்லாத பல சிறு வீடுகள் தொழிலைவிட்டே ஒதுங்கின. சில முதியோர் இல்லமாயின, சில அடுக்குக் குடியிருப்பாயின. இந்தக் கடற்கரையில் இதைவிட மோசமாக நொடித்துப்போன ஊர்கள் உண்டு. லண்டிட்னோ தப்பியதற்கு, முகப்பைச் சிதைக்கவிடாத அந்தக் குத்தகைப் பத்திரங்களுக்கும் பங்கு இருக்கிறது. சிதையாத முகப்பு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு வாங்கிப் புதுப்பிக்க ஏதோ ஒன்று மிச்சமிருந்தது.

புதுப்பிப்பவர் முதலில் மோதுவது வீட்டின் அடுக்கமைப்போடு. விக்டோரியா கால வரிசை வீட்டில் தரைத்தளம் சாப்பாட்டு அறை. முதல் மாடி வரவேற்பறை. உயர்ந்த கூரை, பூவேலை செய்த சுண்ணக்கட்டு, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட துருத்து ஜன்னல் எல்லாம் அங்கேதான். மேலே போகப்போகக் கூரை தாழும், அறை சுருங்கும், அலங்காரம் மெலியும். உச்சியில் சாய்கூரைக்குக் கீழே இருந்தவை வேலைக்காரப் பெண்களின் அறைகள். அந்தப் படிநிலை இன்றும் விலைப்பட்டியலில் உயிரோடு இருக்கிறது. முதல் மாடியின் முன்னறை எப்போதும் விலை கூடியது. 'இதமான' அறை என்று விளம்பரத்தில் வந்தால் அது வேலைக்காரப் பெண் படுத்த இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். உயரமானவர் நிமிரும்போது தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடல் மிக நீளமாகத் தெரிவதும் அங்கிருந்துதான். பின்பக்க அறைகளுக்குச் சமையற்கட்டு முற்றமும், அதற்கு அப்பால் அடுத்த தெருவின் புகைபோக்கிகளும் காட்சி.

குளியலறை இன்னொரு சிக்கல். இந்த வீடுகள் கட்டப்பட்டபோது அறைக்கு அறை குளியலறை என்ற யோசனையே இல்லை. வெந்நீர் குடத்தில் மாடியேறி வந்தது. பின்னால் வந்தவர்கள் அறையின் ஒரு மூலையைத் தடுத்து, நின்ற இடத்தில் திரும்ப முடியாத பெட்டிபோன்ற குளியலறை வைத்தார்கள். பூட்டிக் காலத்தில் செய்த நல்ல காரியம், இரண்டு அறைகளை இணைத்து ஒன்றாக்கியது. அறைகளின் எண்ணிக்கை பாதியானது, ஒவ்வொன்றும் இருமடங்கு பெரிதானது, கட்டணமும் அதற்கேற்ப உயர்ந்தது. கால் வைத்த வெண்ணிறக் குளியல்தொட்டியைத் துருத்து ஜன்னலுக்கு எதிரிலேயே நிறுத்தும் மோகம் இதன் வழியாக வந்தது. புகைப்படத்துக்கு அற்புதமாக இருக்கும். குளிப்பவர் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும், ஏனென்றால் நடைபாதையும் அந்த ஜன்னலைத்தான் பார்க்கிறது.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடென்றால் உரிய அனுமதி இல்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. வேல்ஸில் அந்தப் பட்டியலைக் கவனிப்பது கடூ என்ற அரசு அமைப்பு. அச்சொல்லுக்கே 'காப்பது' என்றுதான் பொருள். மேலும் கீழும் நகரும் மரச்சட்டக் கண்ணாடி ஜன்னல் பார்க்க அழகு, பலத்த வடகாற்றில் நடுங்கும். உட்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்தி ஓரளவு சமாளிக்கிறார்கள். மின்தூக்கி வைக்கப் பல வீடுகளில் இடமே கிடையாது. முழங்கால் வலியுள்ளவர்கள் அறை பதிவுசெய்யும்போதே எத்தனையாவது மாடி, எத்தனை படி என்று கேட்டுவிடுவது நல்லது. மெத்தையின் தரம், சுவர்த்தாளின் வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறைக்குள் வேல்ஸைக் கொண்டுவருவதற்கு உள்ளலங்காரக்காரர்களிடம் இரண்டு வழிகள் கைவசம் உண்டு. ஒன்று கம்பளி. கட்டிலின் கால்மாட்டில் மடித்துப் போட்டிருக்கும் கனத்த போர்வை, கார்த்தென் எனப்படும் வேல்ஸ் நெசவு. இரட்டை அடுக்காக நெய்வதால் ஒரு பக்கம் சிவப்பில் தெரியும் கோலம் மறுபக்கம் நிறம் மாறித் தெரியும். பெம்ப்ரோக்‌ஷயரில் 1912 முதல் நெய்துவரும் மெலின் ட்ரெகுவின்ட் ஆலையின் போர்வைகள் உலகெங்கும் விடுதிகளுக்குப் போகின்றன. இன்னொன்று பலகைக்கல். வடமேற்கு வேல்ஸின் பலகைக்கல் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஒரு காலத்தில் உலகின் பல நகரங்களுக்குக் கூரை போட்ட கல் அது. குளியலறைத் தரையிலும் கணப்படுப்பின் அடியிலும் அது கம்பீரமாக இருக்கிறது. அதைத் தட்டாக்கி அதன்மேல் முட்டை பரிமாறும் பழக்கத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. கத்தி உரசும் சத்தத்தில் பல் கூசுகிறது, மஞ்சள்கரு ஓரத்தில் வழிகிறது.

இரவு அமைதியாகவே கழியும். விடியல் அப்படியல்ல. விரிகுடா வடகிழக்கைப் பார்ப்பதால் ஜூன் மாதத்தில் சூரியன் கடலிலிருந்தே எழும்பும், அதுவும் காலை ஐந்து மணிக்கு முன்பே. அதற்கும் முன்னால் ஹெரிங் கடற்காகங்கள் எழுந்துவிடும். புகைபோக்கிகளின் நடுவே கூடு கட்டும் இந்தப் பறவைகள் குழந்தை அழுவதுபோலவும் கிழவர் சிரிப்பதுபோலவும் மாறிமாறிக் கத்தும். 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூடுகளுக்குப் பாதுகாப்பு தருவதால், விடுதிக்காரர் தம் விருப்பத்துக்கு அவற்றைக் கலைத்துவிட முடியாது. தலையணைக்குப் பக்கத்தில் காதடைப்பான் வைத்திருக்கும் விடுதி தன் விருந்தினரைப் புரிந்துகொண்ட விடுதி.

காலை உணவு அறைக் கட்டணத்தில் சேர்ந்தே வருவது இங்கே பொதுவான வழக்கம். வேல்ஸ் காலை உணவு என்று எழுதியிருந்தால் பன்றி இறைச்சி, சாசேஜ், முட்டை, காளான், வாட்டிய தக்காளி ஆகிய வழக்கமான கூட்டத்தோடு கரும்பச்சை நிறத்தில் ஒரு சிறு வடையும் இருக்கக்கூடும். அது லாவர்பிரெட். பெயரில் ரொட்டி இருந்தாலும் ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாறையில் படரும் கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்துக் களியாக்கி, ஓட்ஸ் மாவில் புரட்டிக் கொழுப்பில் வறுப்பது. கடலும் இரும்பும் கலந்ததுபோன்ற சுவை. முதல் வாயில் பிடிப்பவர்கள் குறைவு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இது ஸ்வான்சீ, கவர் பக்கத்துத் தென் வேல்ஸ் உணவு. வடக்கே லண்டிட்னோ மேசையில் அதுவும் ஒரு விருந்தாளிதான். இந்த வட்டாரத்துக்கே உரியது, பக்கத்துக் கான்வி ஆற்று முகத்துவாரத்தில் சிறு படகுகளில் போய் நீளமான வாரிகளால் கையால் அள்ளும் கருஞ்சிப்பி. குளிர்மாதங்களில் இரவுச் சாப்பாட்டுப் பட்டியலில் அதைத் தேடலாம். மேசையில் இருக்கும் உப்பு, எதிர்க்கரையில் தெரியும் ஆங்கிள்ஸி தீவின் ஹாலென் மோனாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதெல்லாம் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு கிளாமோர்கன் சாசேஜ் கைகொடுக்கும்: பாலாடைக்கட்டி, லீக் கீரை, ரொட்டித்தூள் சேர்த்து உருட்டியது, இறைச்சி கிடையாது. மாலைத் தேநீரோடு தேநீரில் ஊறிய உலர்பழங்கள் போட்ட பாரா ப்ரித் என்ற ரொட்டியும், தோசைக்கல் போன்ற தட்டையான இரும்புக் கல்லில் சுடும் வெல்ஷ் கேக்கும் வரும்.

வாசலில் 'க்ரோய்சோ' என்று இருந்தால் வரவேற்பு, 'க்வெஸ்டி' என்றால் விடுதி, 'ப்ரெக்வாஸ்ட்' என்றால் காலை உணவு. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 17.8 விழுக்காட்டினர் வேல்ஸ் மொழி பேசத் தெரியும் என்று சொன்னார்கள். லண்டிட்னோ தொடக்கத்திலிருந்தே லிவர்பூல், மான்செஸ்டர்க்காரர்களை நம்பி வளர்ந்த ஊராகையால் தெருவில் ஆங்கிலமே அதிகம் காதில் விழும். இருந்தும் பரிமாறும் பெண்ணுக்கு 'டியோல்ஹ்' என்று நன்றி சொன்னால் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

விடுதியிலிருந்து நடக்கும் தொலைவிலேயே பெரும்பாலான காட்சிகள் இருக்கின்றன. 1877இல் திறந்த கடற்பாலம் 700 மீட்டர் நீளம், வேல்ஸிலேயே நீளமானது. 1902 முதல் இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் டிராம் வண்டி, வீடுகளின் நடுவே செங்குத்தான தெருவில் ஏறி கிரேட் ஓர்ம் உச்சிக்குப் போகிறது. பாதி வழியில் வேறு வண்டிக்கு மாற வேண்டும். வழியில் 1987இல் வெளிப்பட்ட வெண்கலக் காலச் செம்புச் சுரங்கம். எலும்பாலும் கல்லாலும் பாறையைக் குடைந்து 3,500 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் உண்டாக்கிய வளைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. சில, குழந்தைகள் மட்டுமே நுழையும் அகலம். குன்றில் காஷ்மீர் ஆடுகளின் கூட்டம் ஒன்று காட்டு ஆடுகளாகத் திரிகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தெரு வெறிச்சோடியதும் அவை இறங்கிவந்து வீட்டு வேலிச் செடிகளை மேய்ந்தன, உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. அந்த வாரங்களில் ஊரில் இருந்த ஒரே சுற்றுலாக் கூட்டம் அதுதான். கடைத்தெருவை ஒட்டிய மாஸ்டின் கலைக்கூடத்தை அவசரத்தில் தவறவிடக் கூடாது. ஆண்களின் சங்கங்கள் பெண் ஓவியர்களை ஒதுக்கிய காலத்தில் அவர்களுக்காகவே அகஸ்டா மாஸ்டின் சீமாட்டி எழுப்பி 1901இல் திறந்தது அது. மாலையில் ஊரின் மறுபுறம் வெஸ்ட் ஷோருக்கு நடந்தால் சூரியன் ஆங்கிள்ஸி பக்கம் இறங்குவது தெரியும். ஒரே ஊரில் கடலில் உதயம், கடலோரத்தில் அஸ்தமனம் என இரண்டையும் நடந்தே பார்க்கலாம்.

கடற்கரை வீடுகளின் நெருக்கம் ஒத்துவராதவர்களுக்கு ஊருக்குச் சற்று வெளியே பொடிஸ்காலன் ஹால் இருக்கிறது. பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாளிகை. நடுவிலுள்ள பழைய கோபுரம் கான்வி கோட்டைக்குக் காவல் கண்காணிப்பு மேடையாக இருந்தது என்று நம்பப்படுகிறது. 2008இல் அது நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தது, ஓட்டலாகவே தொடர்ந்து இயங்குகிறது. கத்தரித்த புதர்வேலிகளுக்கு நடுவே மூலிகைப் பாத்தி, எண்ணெய் ஓவியங்கள், கருவாலி மரப் பலகை அடித்த சுவர்கள். நிறைய நிம்மதி உண்டு, ஆனால் கடல் காலடியில் இல்லை. கடற்கரை ஊரில் தங்க வந்துவிட்டு அலை கேட்காத இடத்தில் தூங்குவது அவரவர் விருப்பம்.

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து லண்டிட்னோ ஜங்ஷனுக்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். அங்கே இறங்கிக் கிளை ரயில் பிடித்தால் கான்வி முகத்துவாரத்தை ஒட்டியே சில நிமிடங்களில் ஊர் வந்துவிடும். பள்ளி விடுமுறைக் காலமான ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் கட்டணமும் உச்சம். மே, செப்டம்பர் மாதங்களில் பகல் நீளமாகவும் அறை மலிவாகவும் இருக்கும். ஜனவரியில் சிறிய விடுதிகள் சில முழுதாக மூடி, வண்ணம் அடித்துக் குழாய் பழுதுபார்க்கும். வார இறுதியென்றால் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. வேல்ஸ் நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றிய சட்டப்படி, உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் 2027 முதல் தங்குபவரிடம் வரி வசூலிக்கலாம்: ஓட்டல், விடுதிகளில் ஆளுக்கு, இரவுக்கு 1 பவுண்டு 30 பென்ஸ். எந்த மன்றம் எப்போது தொடங்குகிறதோ, அன்று முதல் ரசீதில் பழைய உப்புக் குப்பி இருந்த இடத்தில் ஒரு புதிய வரி வரும்.